குழாய்த் தண்ணீர் கெட்டால்: அடுப்பா, குளோரினா, ஆர்ஓவா, கேனா?

இரண்டு நாள் அடைமழை விட்ட மறுநாள் காலையில் சென்னையின் பல தெருக்களில் ஒரே பேச்சுதான். "உங்க வீட்டுலயும் தண்ணி வாடை அடிக்குதா?" குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் மஞ்சள் பூத்த வாளித் தண்ணீரைப் படமெடுத்துப் போடுவார். உடனே தீர்ப்புகள் வந்து குவியும். கேன் போட்டுக்கோங்க. எங்க வீட்டுல ஆர்ஓ இருக்கு, பயமில்ல. கொதிக்கவெச்சா எல்லாம் சரியாயிடும். சம்புல ஒரு கை ப்ளீச்சிங் பவுடர் அள்ளிப் போடுங்க.

நான்கு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திடீரென்று கெட்டுப்போன தண்ணீருக்கு அடுப்புதான் முதல், குளோரின் அதற்குத் துணை. ஆர்ஓ, நுண்ணிய சவ்வில் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கிற, உப்புத் தண்ணீருக்கென்று வந்த கருவி, கிருமிக்கு அதை நம்பி இருக்க வேண்டியதில்லை. கேன் இரண்டு மூன்று நாளைத் தள்ளுவதற்கு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத் தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீருக்கு என்ன வந்தது?

புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரித் தண்ணீரோ, மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் உப்பு நீக்கிய கடல் தண்ணீரோ, நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது சுத்தமாகி, குளோரினும் கலந்துதான் கிளம்புகிறது. பெரும்பாலும் அது கெடுவது கடைசித் தெருவில். நம் ஊரில் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் விடுவார்கள், பிறகு குழாய் காலி. குறுகலான தெருவில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே போகின்றன, இரண்டுமே பழசு, இரண்டிலும் இணைப்புகள் கசிகின்றன. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை கசிவு வெளியே போகும். குழாய் காலியானதும் சுற்றியுள்ள ஊறிய மண்ணிலிருந்து அழுக்கு உள்ளே வரும். போதாக்குறைக்கு, தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கும் வீடு ஒன்றிருந்தால் போதும், அந்த உறிஞ்சலில் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். அதனால்தான் முறைத் தண்ணீர் வரும்போது முதலில் வருவது மோசமாகவும் பிறகு வருவது தேவலையாகவும் இருக்கிறது. முதல் சில நிமிடத் தண்ணீரைத் தரையடிச் சம்புக்குள் விடாமல் வெளியே விடுவது, எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய முதல் காரியம்.

இப்படிக் கெட்ட தண்ணீரில் இருப்பது கிருமி. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலையில் ஏ, இ என்ற இரண்டு வகைகள் எல்லாம் இந்த வழியில் வருபவை. இதில் இ வகைக் காமாலையைப் பற்றி வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிற அந்த நோய், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கிற அளவுக்குக் கொடியது.

இரண்டாவது வகைக் கேடு, தண்ணீரில் கரைந்திருப்பது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய உப்பு, ஆழ்துளைப் போர்த் தண்ணீரின் கடினத்தன்மை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் கெடுத்த ஃப்ளோரைடு, வயல்வெளியும் செப்டிக் டேங்கும் உள்ள இடங்களில் நைட்ரேட். இது ஒரு ராத்திரியில் வருவதில்லை, ஒரு வாரத்தில் போவதுமில்லை. தர்மபுரிக்காரர்களுக்கு எந்த அடுப்பும் உதவவில்லை. ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் கொண்டுவந்து 2013இல் தண்ணீர் விட்ட பிறகுதான் வழி பிறந்தது.

மூன்றாவது, எண்ணெயும் ரசாயனமும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து வாடை எதுவானாலும் ஒரே விதிதான். கொதிக்கவைக்க வேண்டாம், குளோரின் போட வேண்டாம், வடிகட்ட வேண்டாம். அந்தத் தண்ணீரை வீட்டில் சரிசெய்ய முடியாது. வெளியிலிருந்து தண்ணீர் வந்தாக வேண்டும்.

டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது

இங்கே ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது காட்டுவது கரைந்த உப்பின் அளவை மட்டும்தான். சாக்கடை கலந்த ஏரித் தண்ணீர் 300 காட்டலாம், குடித்தால் மருத்துவமனை. ஆழத்துப் போர்த் தண்ணீர் 900 காட்டலாம், ருசி இருக்காது, ஆனால் கிருமி இல்லாமலே இருக்கலாம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500இன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. கிருமிக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. மலக்கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும், எண் கூடுதலாக இருக்கிறது என்று பதறுவதும் இரண்டுமே தப்புக் கணக்கு.

இதைவிட மோசமானது வீடு தேடி வரும் விற்பனையாளர் காட்டும் வித்தை. இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இறக்கி மின்சாரம் விடுவார். உங்கள் தண்ணீர் ஒரு நிமிடத்தில் செம்பழுப்பாக, பார்க்கவே குமட்டுகிற மாதிரி ஆகும். அவருடையது அப்படியே இருக்கும். "பாத்தீங்களா மேடம், இதைத்தான் குழந்தைக்குக் குடுக்குறீங்க." நடந்தது இவ்வளவுதான்: உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவர் கம்பியிலிருந்து வந்தது. நல்ல மினரல் வாட்டரை ஊற்றினாலும் பழுப்பாகும்.

அடுப்பு

கொதிக்கவைப்பதன் பலம், அது ஆள் பார்ப்பதில்லை. பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணி முட்டைகள் எல்லாம் சாகும். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் வேலை செய்யும். எத்தனை நேரம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று பாட்டிகள் சொல்வார்கள். தேவையில்லை. அடியிலிருந்து பெரிய குமிழ்கள் எழும்பி, கரண்டியால் கலக்கினாலும் அடங்காமல் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் போதும். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை 70 டிகிரியிலேயே சாகத் தொடங்கிவிடும், 100ஐத் தொடும்போது வேலை முடிந்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம். அதற்குமேல் கொதிக்கவிடுவது எரிவாயுவுக்குத்தான் நஷ்டம்.

எரிவாயு என்றதும் "யாருக்குக் கட்டுப்படியாகும்?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, சுமார் 100 முதல் 110 கிராம் எரிவாயு பிடிக்கும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 லிட்டருக்கு ஏழு ரூபாய்க்குள். லிட்டர் எழுபது பைசா. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் லிட்டர் இரண்டு ரூபாய். அதாவது கொதிக்கவைத்த தண்ணீர் கேன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் இன்னும் குறையும். நான்கு பேர் குடும்பத்தின் குடிநீருக்கு ஒரு சிலிண்டர் நான்கு மாதம் வரும். அடுப்பு செலவாளி என்ற பேச்சு சென்னையில் உண்மையில்லை. நேரமும் ஆறவைக்கும் பொறுமையும்தான் உண்மையான விலை, அந்த விலையை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

அடுப்பு எங்கே தோற்கும்? கரைந்திருப்பதை அது எடுக்காது. ஆவி போகப் போக உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் கொஞ்சம் செறிவுதான் கூடும். நைட்ரேட் அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்பது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது. இன்னொன்று, ஆறிய பிறகு தண்ணீருக்குக் காவல் கிடையாது. கழுவாத சொம்பு, விரல் பட்ட டம்ளர், முந்தாநாள் தண்ணீர் ஊற்றிவைத்த பானை, இவற்றில் எது பட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இதையெல்லாம்விட அதிகம் நடக்கிற தவறு விளாவுவது. சுடுதண்ணீர் தொண்டையைச் சுடுகிறது என்று பாதி டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார்கள். குளிக்க விளாவலாம். குடிக்க விளாவினால் கொதிக்கவைக்காத தண்ணீரைச் சூடாகக் குடித்த கதைதான். கேரளத்தில் சுகாதாரத் துறை காமாலைக் காலத்தில் உணவகங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அங்கே பதிமுகம் என்ற மரப்பட்டையோ சீரகமோ போட்டுக் கொதித்த வெந்நீர் மேசையில் இருப்பது பழக்கம். அந்தப் பழக்கம் நமக்கும் வரலாம், கொதிக்கவைத்த தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்ற புகார் ஒரு சிட்டிகை சீரகத்தில் தீர்ந்துவிடும்.

குளோரின்

வெள்ளம் வந்து மின்சாரமும் இல்லை, சிலிண்டரும் தீர்ந்தது என்றால் கையிலிருக்க வேண்டியது குளோரின் மாத்திரை. மருந்துக் கடையிலும் கிடைக்கும், வெள்ளக் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களும் கொடுப்பார்கள். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டுக் கலக்கி, மூடி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த அரை மணி நேரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அரை மணி கழித்து முகர்ந்தால் லேசான மருந்து வாடை வர வேண்டும். வாடையே இல்லையென்றால் குளோரின் முழுவதும் அழுக்கோடு சண்டையிட்டே தீர்ந்துவிட்டது, இன்னொரு தடவை போட வேண்டும். "தண்ணியில மருந்து வாடை அடிக்குது" என்று புகார் சொல்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும், ஆனால் கெட்ட காலத்தில் அந்த வாடைதான் நல்ல சேதி.

மாத்திரை கிடைக்காவிட்டால் வாசனையும் நிறமும் சோப்பும் சேராத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் லிட்டருக்கு இரண்டு சொட்டு, தண்ணீர் கலங்கலாக இருந்தால் நாலு சொட்டு. கடையில் கிடைக்கும் பல பாட்டில்கள் தரை துடைக்கிற கலவை, அவை கூடாது. நம் ஊர் வெயிலில் பல மாதம் அலமாரியில் நின்ற பாட்டிலில் சத்து எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது என்பதால், வீட்டுக்கு மாத்திரைதான் என் பரிந்துரை.

குளோரினுக்கு அடுப்பிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. அது தண்ணீரிலேயே தங்கிக் காவல் காக்கும். அதனால்தான் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்று தரநிலை கேட்கிறது. பலவீனமும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே அல்ல. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் போட்டு விநியோகித்த குழாய்த் தண்ணீரைக் குடித்துச் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தது இந்த ஒட்டுண்ணியால்தான். கலங்கல் தண்ணீரிலும் குளோரின் திணறும். எனவே முதலில் தெளியவிட்டு, துணியில் வடித்து, பிறகு மருந்து.

துணி என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வங்கதேசத்தின் மட்லப் பகுதிக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு முடிவு வந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த மடிப்பில் சிக்கிக்கொள்கின்றன. பழைய புடவைதான் வேண்டும், துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து இடைவெளி சின்னதாகியிருக்கும். ஆனால் பாதி குறைவது போதாது, வடிகட்டிய பிறகும் அடுப்போ குளோரினோ தேவை. நம் தேற்றாங்கொட்டை, முருங்கை விதை, படிகாரம் எல்லாம் இதே வரிசைதான். தெளிய வைக்கும், கிருமியைத் தீர்க்காது.

ஆர்ஓ

ஆர்ஓ இயந்திரத்தை நான் வெறுப்பவன் இல்லை. வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் டிடிஎஸ் 1500 வந்தால் வேறு வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். ஃப்ளோரைடு, நைட்ரேட் உள்ள தண்ணீரை வீட்டளவில் சரிசெய்ய நடைமுறையில் கைகொடுப்பதும் அதுதான். பிரச்சினை, ஏரித் தண்ணீர் வரும் வீட்டில் கிருமிக்குப் பயந்து அதை வாங்குவது. டிடிஎஸ் 500க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சொன்னது வீணாகும் தண்ணீரை மனதில் வைத்துத்தான். சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது.

கிருமி விஷயத்தில் ஆர்ஓவின் சவ்வு காகிதத்தில் வைரஸையும் தடுக்கும். வீட்டில் நடப்பது வேறு. முதலில் வரும் கார்பன் ஃபில்டர் தண்ணீரிலிருந்த குளோரினை எடுத்துவிடுகிறது. பிறகு சவ்வைத் தாண்டிய தண்ணீர் காவல் எதுவுமில்லாமல் பிளாஸ்டிக் தொட்டியில் மணிக்கணக்கில் நிற்கிறது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் தண்ணீர் சவ்வைச் சுற்றிக் குறுக்கு வழியில் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பல மாடல்களில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அது சவ்வுக்குப் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். அந்தப் பங்குக்குக் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு மட்டும்தான் காவல், விளக்கோ தெளிந்த தண்ணீரில்தான் வேலை செய்யும். கலங்கலில் கிருமி தூசிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கடைசியாக, மின்சாரம். 2015லும் 2023லும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் மிகவும் கெட்டிருந்த நாட்களிலேயே மின்சாரமும் இல்லை.

சாக்கடை கலந்த தண்ணீர் ஒரு தடவை இயந்திரத்துக்குள் போய்விட்டால் முன் ஃபில்டர்களை மாற்றி, உள்தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யும்வரை அந்தத் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். 15,000 ரூபாய் கொடுத்து வாங்கியதைக் கொதிக்கவைப்பதா என்று மனசு கேட்காது. கேட்க வேண்டும். இயந்திரம் ஏழு வருடம் உழைக்கிறது, வருடம் 4,000 ரூபாய் சர்வீஸ், தினம் 12 லிட்டர் என்று வைத்தால் லிட்டர் ஒன்றரை ரூபாய் ஆகிறது. அடுப்பைவிட இரண்டு மடங்கு.

மின்சாரம் இல்லாமல் மேலிருந்து கீழே சொட்டும் ஃபில்டர்கள் நடுத்தரம். கேண்டில் வகை பாக்டீரியாவைப் பெருமளவு பிடிக்கும், வைரஸ் தப்பிவிடும். குளோரின் அடக்கமுள்ள வகை கொஞ்சம் மேல், அதன் மருந்து தீர்ந்ததும் உள்பெட்டியை மாற்றும்வரை. தினசரிக்குச் சரி, சாக்கடை வாடை அடிக்கும் நாளுக்குப் போதாது.

கேனும் லாரியும்

கேன் நல்லதா என்ற கேள்விக்கு "எந்தக் கேன்?" என்பதுதான் பதில். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, ஐஎஸ் 14543 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை, பிரிக்கப்படாத சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ கட்டாயம் என்ற விதி 2024இன் இறுதியில் நீக்கப்பட்டது. கையோடு கேன் தண்ணீரை அதிக அபாயமுள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து, வருடாந்திர ஆய்வைக் கட்டாயமாக்கினார்கள். முத்திரை இருந்தால் இன்றும் கூடுதல் நம்பிக்கைதான். கேன் கீறல் விழுந்து மங்கியிருந்தாலோ, உள்ளே பச்சையாகப் படிந்திருந்தாலோ, வெயிலில் அடுக்கிவைத்த கடையிலிருந்து வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

என் தயக்கம் வேறு இடத்தில். தெரு முழுக்கத் தண்ணீர் கெட்ட அன்று எல்லோரும் ஒரே கடைக்குத்தான் போன் செய்கிறார்கள். விலை ஏறும், வழக்கமான கம்பெனிக்குப் பதில் பெயர் தெரியாத கேன் வரும், இடுப்பளவு வெள்ளத்தில் வண்டியே வராது. அதிகம் தேவைப்படும் நாளில் தரமும் வரத்தும் குறைகிற ஏற்பாடு இது. மழைக்கு முன்பே இரண்டு சீல் பிரிக்காத கேன் வாங்கி இருட்டான மூலையில் வைப்பது புத்திசாலித்தனம், மழைக்குப் பிறகு கேனை மட்டும் நம்புவது அப்படியல்ல. கேனைக் கவிழ்க்கும் பானையும் குழாயும் கழுவி எத்தனை நாளாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று டிரைவர் சொல்வதைத் தவிர வேறு சான்று இல்லாதபோது, அது துவைக்க, துடைக்க, குளிக்க. குடிக்க என்றால் அடுப்பு வழியாகத்தான்.

அடுக்களையில் தப்பிவிடுபவை

குடிக்கும் தண்ணீரை மட்டும் காய்ச்சிவிட்டு மற்றதை மறந்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சோறு, சாம்பார், ரசம், இட்லி மாவு எல்லாம் நெருப்பைப் பார்த்துவிடுகின்றன, கவலையில்லை. பார்க்காதவை சட்னி அரைக்க விடும் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு, ஐஸ் கட்டி, கொத்தமல்லி அலசும் தண்ணீர், பல் துலக்கிக் கொப்பளிப்பது. முக்கியமாகப் பழைய சோறு. ராத்திரி பச்சைத் தண்ணீர் ஊற்றி விடியும்வரை ஊறவிட்டால், அதிலிருக்கும் கிருமிக்கு எட்டு மணி நேரம் விருந்து. அந்த வாரம் மட்டும் ஆறிய வெந்நீரை ஊற்றிவைக்கலாம், நீராகாரம் கெட்டுப்போகாது.

காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடியோடு ஆறவிட்டு, அப்படியே வைத்திருப்பது சிறந்தது. மொண்டு குடிப்பதைவிட அடியில் குழாய் வைத்த பாத்திரம் மேல். கை உள்ளே போகாது. மண்பானைப் பிரியர்கள் பானையை வெந்நீரில் கழுவிக் காயவைத்த பிறகு காய்ச்சிய தண்ணீரை மட்டும் ஊற்றலாம், ஒரு நாளைக்குமேல் வைக்க வேண்டாம்.

யார் எதை எடுப்பது?

கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருக்கும் வீட்டில் அடுப்பைத் தவிர வேறு பேச்சில்லை, ஆர்ஓ இருந்தாலும், கேன் இருந்தாலும். யாருக்காவது வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் ஓஆர்எஸ் கரைக்கிற தண்ணீரும் காய்ச்சியதாகவே இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் அறையில் அண்டா வைத்துக் காய்ச்சுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்குத் துணியில் வடித்த தண்ணீரும் குளோரின் மாத்திரையும், அல்லது ஒரு மின்கெட்டில். பத்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் முதியவர் கொதிக்கிற அண்டாவைத் தூக்கி இறக்குவது தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து. அவருக்குச் சின்னப் பாத்திரத்தில் இரண்டு இரண்டு லிட்டராக, இல்லையென்றால் பக்கத்து வீட்டார் பார்த்துச் சோதித்துக் கொடுத்த கேன். உப்புத் தண்ணீர்க்காரர்கள் தங்கள் ஆர்ஓவை விட வேண்டாம், கெட்ட வாரத்தில் அதிலிருந்து வருவதைக் காய்ச்சிக்கொண்டால் போதும்.

அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மல்லாடுவதைவிடச் சம்பைப் பார்ப்பது முக்கியம். வெள்ளம் ஏறிய சம்பில் ஒரு கை பவுடர் போடுவது சடங்கு மட்டும்தான். காலி செய்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றி, ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, அதையும் வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். மேல்தொட்டிக்கும் இதேதான். பழைய மூட்டையில் காற்றுப் பட்டுக் கட்டியாகிப்போன பவுடரில் சத்து இருக்காது. பவுடரைக் கழிப்பறை ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது, கிளம்பும் வாயு ஆளைச் சாய்த்துவிடும். சம்புக்குள் இறங்குவதையும் தெரிந்த ஆட்களிடம், மூடியைத் திறந்து காற்றாடவிட்ட பிறகு, மேலே ஒருவர் நிற்க மட்டும் செய்ய வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்? வாடை போனதும் நிறுத்தக் கூடாது, வாடையில்லாத தண்ணீரிலும் கிருமி இருக்கும். சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டருக்கு 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்து, தெருவில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தார்களா என்று கேட்க வேண்டும். அடைத்த பிறகு வரும் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று வாரியத்தின் களப்பணியாளர் சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுக் காட்டச் சொல்லலாம். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது. ஹெச்2எஸ் குப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். சம்பில் பிடித்ததையும் மேல்தொட்டிக் குழாயில் பிடித்ததையும் தனித்தனியாகச் சோதியுங்கள். தெருக் குழாய் சரியாகி, மாடித் தொட்டி மட்டும் இன்னும் கறுப்பாகக் காட்டும் வீடுகள் நிறைய.